காணாமல் போன பட்டாணிக் கொடி

சிறுவர்களுக்கான கேலிச்சித்திரத் தொடர் ஒன்று தொலைக்காட்சிக்கு வருமுன், அதை உருவாக்குபவர்கள் சில நிமிடங்கள் ஓடும் மாதிரிப் படம் ஒன்றை எடுப்பார்கள். அதற்குப் ‘பைலட்’ என்று பெயர். “எங்களிடம் இப்படி ஒரு கதை இருக்கிறது, பணம் போடுவீர்களா?” என்று கேட்பதற்கான படம் அது. பணம் கிடைத்துவிட்டால் எல்லாருடைய கவனமும் தொடரின்மேல் போய்விடும். கிடைக்காவிட்டால் மாதிரிப் படம் அலமாரியில் கிடக்கும். எப்படிப் பார்த்தாலும் அது தொலைந்துபோகவே வாய்ப்பு அதிகம்.

இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படத்துக்கும் ஒரு மாதிரிப் படம்தான் பணம் தேடித் தந்தது. அதில் நடித்தது ஒரு பட்டாணிச் செடி! அந்தப் படம் இன்று நம்மிடம் இல்லை. அது எப்படி எடுக்கப்பட்டது, அந்தக் காலப் படங்கள் ஏன் அழிந்தன என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

தொட்டியில் ஒரு விதை

தாதாசாகேப் பால்கே 1912ல் லண்டனுக்குச் சென்று, வில்லியம்சன் நிறுவனத்தின் கேமரா ஒன்றை வாங்கி வந்தார். கதைப்படம் எடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் பணம் கொடுப்பவர்களுக்கு நம்பிக்கை வரவேண்டுமே! அவர் ஒரு தொட்டியில் பட்டாணியை விதைத்து, அதன் முன் கேமராவை வைத்தார். ஏறக்குறைய ஒரு மாதம், செடியின் வளர்ச்சியைச் சிறிது சிறிதாகப் படம் பிடித்தார். ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமாக ஓடிய அந்தப் படத்தில் விதை முளைத்தது, தண்டு எழுந்தது, கொடி படர்ந்தது. பார்த்தவர்களில் சிலர் கடன் கொடுக்க முன்வந்தார்கள். 1913 மே 3ஆம் தேதி ‘ராஜா ஹரிச்சந்திரா’ பம்பாயில் திரைக்கு வந்தது.

கணக்கைச் சரிபார்ப்போம்

பால்கே ‘தினமும் ஒரு படம்’ எடுத்தார் என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியா? காகிதமும் பேனாவும் இருந்தால் போதும், நாமே சோதிக்கலாம்.

மௌனப்பட காலத்தில் திரையில் நொடிக்கு ஏறக்குறைய 16 படங்கள் ஓடின. தினமும் ஒன்று என்றால் 30 நாளில் 30 படங்கள். 30ஐ 16ஆல் வகுத்தால் இரண்டு நொடிகூட வராது. ஒரு நிமிடம் ஓட வேண்டுமென்றால் 60 × 16 = 960 படங்கள் வேண்டும். 960ஐ 30 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 32 படங்கள். இரவு பகலாக எடுத்தால் 45 நிமிடத்துக்கு ஒன்று. பகல் 12 மணி நேரம் மட்டும் எடுத்தால் 22½ நிமிடத்துக்கு ஒன்று. அந்த ஒரு நிமிடத்துக்குப் பின்னால் எவ்வளவு பொறுமை இருந்தது என்பதைக் கணக்கே சொல்லிவிடுகிறது.

கேலிச்சித்திரப் படங்களும் இதே முறையில்தான் உருவாகின்றன. சற்றே வேறுபட்ட அசையாப் படங்கள் வேகமாக அடுத்தடுத்து வரும்போது, மூளை அவற்றை ஒரே அசைவாகப் புரிந்துகொள்கிறது. செடி தானாக வளர்ந்தது. பால்கே காத்திருந்து படம் எடுத்தார். 1915ல் அவர் தீக்குச்சிகளைக் கொண்டு ஒரு படம் எடுத்தார். தீக்குச்சி தானாக நகராது. ஒவ்வொரு முறையும் கையால் சிறிது நகர்த்திவிட்டு ஒரு படம் எடுக்க வேண்டும். அந்தப் படமும் இன்று இல்லை.

படச்சுருளுக்குள் இருந்த ஆபத்து

அக்காலப் படச்சுருள் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனது. பருத்தியில் உள்ள செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்துடன் வினைபுரியச் செய்து அதைத் தயாரித்தார்கள். ஒளி ஊடுருவும், நன்றாக வளையும். ஆனால் இரண்டு பெரிய குறைகள் உண்டு.

ஒன்று, அது மெல்லச் சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை வெளியிடும். அவை காற்றிலுள்ள ஈரத்துடன் சேர்ந்து அமிலமாகும். அந்த அமிலம் சிதைவை மேலும் விரைவுபடுத்தும். வினையில் உண்டாகும் பொருளே வினையைத் தூண்டுவதால் இதைத் தன்வினையூக்கம் என்கிறோம். முடிவில் சுருள் பிசுபிசுத்து, பழுப்பு நிறப் பொடியாகிவிடும்.

இரண்டு, அது எளிதில் தீப்பற்றும். எரிவதற்குத் தேவையான ஆக்சிஜன் அதன் மூலக்கூறுக்குள்ளேயே இருப்பதால் தண்ணீருக்கு அடியிலும் எரியும். 2003 ஜனவரியில் புனேயில் ஏற்பட்ட தீயில் இந்திய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் நைட்ரேட் சுருள்கள் பல அழிந்தன. இவை போதாதென்று, படலத்தில் இருந்த வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகவும் பழைய படங்கள் அழிக்கப்பட்டன.

‘ராஜா ஹரிச்சந்திரா’வின் நான்கு சுருள்களில் முதலும் கடைசியும் மட்டுமே எஞ்சியுள்ளன. அவையும் 1917ல் பால்கே மீண்டும் எடுத்த படத்தைச் சேர்ந்தவை என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். ஊரே பார்த்த படத்துக்கு இந்த நிலை என்றால், சிலர் மட்டும் பார்த்த மாதிரிப் படத்தின் கதியை ஊகிக்கலாம். 1910ல் பிரிட்டனில் பெர்சி ஸ்மித் இதே முறையில் எடுத்த ‘ஒரு மலரின் பிறப்பு’ படத்தை நாம் இன்றும் பார்க்க முடிகிறது. அது பொதுமக்களுக்காக வெளியிடப்பட்ட படம். பிரதிகள் எத்தனை இடங்களில் இருக்கின்றனவோ, பிழைக்கும் வாய்ப்பும் அத்தனை அதிகம்.

புளிக்காடி வாசனை

நைட்ரேட்டுக்குப் பதிலாக, எளிதில் தீப்பற்றாத செல்லுலோஸ் அசிட்டேட் சுருள்கள் 1950களில் பரவலாயின. தீ ஆபத்து குறைந்தது. ஆனால் புதிய தொல்லை ஒன்று வந்தது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அசிட்டேட் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை, அதாவது புளிக்காடியில் உள்ள அதே அமிலத்தை, வெளியிடும். டப்பாவைத் திறந்தால் புளிப்பு வாசனை மூக்கைத் துளைக்கும். இப்படிப்பட்ட சிதைவு பற்றிய முதல் புகார் இந்தியாவிலிருந்துதான் வந்தது. அங்குள்ள வெயிலும் ஈரக்காற்றும் அதற்குக் காரணம்.

சிங்கப்பூரைப் பாருங்கள். இங்கே காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். பொதுவாக, வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் பல வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதனால்தான் ஆவணக் காப்பகங்கள் படச்சுருள்களைக் குளிர்ந்த, உலர்ந்த அறைகளில் வைக்கின்றன.

“இப்போதெல்லாம் எல்லாம் மின்னிலக்கம்தானே, சார்?” என்று வகுப்பில் கேட்பார்கள். ‘டாய் ஸ்டோரி 2’ தயாரிப்பின்போது, 1998ல், தவறாக இட்ட ஒரு கணினிக் கட்டளையால் படத்தின் பெரும்பகுதி அழிந்தது. காப்புப் பிரதியும் சரியாக வேலை செய்யவில்லை. ஊழியர் ஒருவர் வீட்டுக் கணினியில் வைத்திருந்த பிரதிதான் படத்தைக் காப்பாற்றியது. என் மாணவி ஒருத்தி பச்சைப்பயறு முளைப்பதை ஐந்து நாள் படமெடுத்தாள். ஆறாம் நாள் கைப்பேசி தண்ணீரில் விழுந்தது. வேறு பிரதி இல்லை. பயறு மட்டும் மிஞ்சியது.

செய்து பார்ப்போம்

1. பச்சைப்பயறை ஓர் இரவு ஊற வையுங்கள். கண்ணாடிக் குவளையின் உட்புறத்தில் ஈரப் பஞ்சை வைத்து, வெளியிலிருந்து தெரியும்படி பயறைப் பஞ்சுக்கும் கண்ணாடிக்கும் இடையே செருகுங்கள்.

2. மேசை விளக்கைக் குவளையின் ஒரு பக்கத்தில் வையுங்கள். விளக்கு எப்போதும் எரியட்டும்.

3. கைப்பேசியை அசையாமல் நிறுத்தி, 10 நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும்படி அமையுங்கள். ஐந்து நாளில் 720 படங்கள் கிடைக்கும். நொடிக்கு 24 என்று ஓட்டினால் 30 நொடிப் படம் தயார்.

4. தண்டு நன்றாக எழுந்ததும் விளக்கை மறுபக்கத்துக்கு மாற்றுங்கள். தண்டு திரும்பி ஒளியை நோக்கி வளைவதைப் படத்தில் காண்பீர்கள். நிழல் பக்கத்தில் ஆக்சின் அதிகம் சேர்வதால் அங்குள்ள செல்கள் கூடுதலாக நீள்கின்றன. இதுவே ஒளிநாட்டம்.

5. கடைசியாக, மறக்கக்கூடாத படி: மூன்று பிரதிகள் வையுங்கள். அவை இரண்டு வகைச் சேமிப்புக் கருவிகளில் இருக்கட்டும். அவற்றில் ஒன்று வேறு இடத்தில் இருக்கட்டும். உங்கள் வீடு பொங்கோலில் என்றால், ஒரு பிரதி தேக்காவில் இருக்கும் பாட்டி வீட்டிலும் இருக்கலாம்.

சிந்திக்க: உங்கள் படம் ஒரு நிமிடம் ஓட வேண்டும், ஆனால் ஐந்து நாள்தான் இருக்கிறது. எத்தனை நிமிடத்துக்கு ஒரு படம் எடுப்பீர்கள்?