மலைச்சரிவில் வீடு கட்டுவோர் மண் காக்கும் முறை

நுவரெலியா, அட்டன் பகுதிகளின் செங்குத்தான சரிவுகளில் நன்கு படர்ந்த தேயிலைச் செடி மண்ணை மூடிக் காக்கின்றது. செடியை அகற்றி நிலத்தை வெட்டியவுடன் அக்காவல் நீங்குகின்றது. மண்ணரிப்பைத் தடுக்கும்பொருட்டு 1951ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் இலங்கையில் இயற்றப்பட்டது.

இந்நாளில் லயங்களுக்குப் பதிலாகத் தனி வீடுகள் எழுகின்றன. வீட்டுத் தளத்திற்காக வெட்டிய மண்ணைச் சரிவிற் கொட்டினால், மழை அதனைக் கீழேயுள்ள வீடுகளுக்கும் ஓடைகளுக்கும் கொண்டு செல்லும். அட்டன் பக்கத்து மண் காசல்ரீ நீர்த்தேக்கத்திற் படியும். எஞ்சியது, கொழும்பு மக்களுக்குக் குடிநீர் தரும் களனி கங்கையைக் கலக்கும். நுவரெலியாப் பக்கத்து மண் கொத்மலை வழியே மகாவலியை அடையும்.

இதனைத் தடுக்கும் முறைகள் பின்வருமாறு:

1. மழை குறைந்த சனவரி முதல் மார்ச்சு வரையான காலத்தில் மண் வெட்டுதல் நன்று. அப்பருவத்தில் முடிக்கக்கூடிய அளவே வெட்டுதல் வேண்டும்.

2. முதலில், தளத்தின் மேற்புறத்தில் சரிவுக்குக் குறுக்கே சிறு சாய்வுடன் கான் வெட்டி, நீரைக் கல் பதித்த வடிகாலிற் சேர்த்தல் வேண்டும். நீரைத் தேக்கும் குழிகளை மேற்புறத்தில் வெட்டலாகாது. ஊறிய நிலம் சரியக்கூடும்.

3. மேல்மண்ணைத் தனியே குவித்து மூடி வைத்தால், பின்னர் காய்கறித் தோட்டத்திற்குப் பயன்படும்.

4. கீழ்ப்புறத்தில் முளையடித்துச் சாக்குக் கட்டியோ, கல்லடுக்கியோ மண்ணைத் தடுத்தல் வேண்டும். தேங்கிய மண்ணை ஒவ்வொரு மழைக்குப் பின்னும் அகற்றாவிடின் தடுப்பு உடையும்.

5. வெட்டுமுகத்திலும் கொட்டிய மண்ணிலும் மானாப்புல் அல்லது வெட்டிவேரைக் குறுக்கு வரிசைகளாக நடுதல் வேண்டும்.

6. சீமெந்து கழுவிய நீர் காரத்தன்மையால் மீன்களைக் கொல்லும். அதனை ஓடையில் விடாது, கீழ்ப்புறத்துக் குழியிற் சேர்த்தல் வேண்டும்.

2014 ஒக்டோபர் 29 அன்று, பதுளை மாவட்டத்தின் மீரியபெத்த தோட்டத்தில் லயங்கள் மண்சரிவிற் புதைந்து பல உயிர்கள் மாண்டன. ஆதலால், மலைச்சரிவில் தளம் வெட்டுமுன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் இசைவைப் பெறுதல் வேண்டும். நிலத்தில் வெடிப்பு, மரங்களின் சாய்வு, ஊற்றில் திடீர்க் கலங்கல் ஆகியவை மண்சரிவின் முன்னறிகுறிகள். அவற்றைக் கண்டவுடன் குடும்பத்தார் அனைவரும் வெளியேறி, கிராம உத்தியோகத்தருக்கு அறிவித்தல் வேண்டும்.