ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி?

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலர் ஐந்தாம் வகுப்பு வரை எப்படியோ ஓட்டிவிடுகிறார்கள். ஒரே அறை, ஒரே டீச்சர், எல்.கே.ஜி.யிலிருந்து கூடவே வரும் முகங்கள். எந்தச் சத்தத்துக்குப் பிள்ளை காதைப் பொத்தும், எப்போது வெளியே ஒரு நடை அழைத்துப் போய் வரவேண்டும் என்பதெல்லாம் அந்த டீச்சருக்கு அத்துப்படி. ஆறாம் வகுப்பில் இது ஒரே நாளில் கலைகிறது. பீரியடுக்கு ஒரு மணி அடிக்கிறது. பாடத்துக்கு ஒரு ஆசிரியர், ஒவ்வொருவருக்கும் ஒரு பேச்சு வேகம், நோட்டில் எழுத ஒரு முறை. போதாக்குறைக்கு உடம்பும் மாறத் தொடங்கும் வயது.

பெற்றோர் பள்ளி தேடி அலையும் இந்த நேரத்தில்தான் உறவினர், தலைமை ஆசிரியர், தெரபி மையத்துக்காரர் என்று ஆளுக்கொரு நம்பிக்கையைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். அவற்றில் சில, பிள்ளையின் மூன்று நான்கு வருடங்களை வீணாக்கிவிடக் கூடியவை.

நம்பிக்கை: "எங்களிடம் வசதி இல்லை" என்று பள்ளி சொல்லிவிட்டால் வேறு வழியில்லை.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. அதன் 16-ஆவது பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளிகளோடு அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளையும் சேர்த்தே பேசுகிறது. பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும், அந்தப் பிள்ளையின் தேவைக்கு ஏற்ற மாற்றங்களைச் செய்து தர வேண்டும். தனியார் மெட்ரிக் பள்ளியும் இதில் அடங்கும். கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை, எட்டாம் வகுப்பு முடியும்வரை, எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வோ நேர்காணலோ வைக்கவும் அதில் இடமில்லை.

ஆகவே மறுப்பை எழுத்தில் கேளுங்கள். வாயால் மறுப்பது எளிது, லெட்டர்ஹெட்டில் மறுப்பது கடினம். அதன் பிறகும் மறுத்தால் முதன்மைக் கல்வி அலுவலரிடமும், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் புகார் தரலாம்.

இதையும் சொல்லியாக வேண்டும்: சட்டத்தைக் காட்டி இடம் வாங்குவது ஒன்று, நம் பிள்ளை வேண்டாம் என்று நினைக்கும் ஆட்களிடம் தினமும் ஆறு மணி நேரம் அதை விட்டுவிட்டு வருவது வேறொன்று. அக்கம்பக்கத்தில் வேறு பள்ளியே இல்லாதபோது சண்டை போடத்தான் வேண்டும். மனமுள்ள இன்னொரு பள்ளி இருந்தால் பிள்ளையை அங்கே சேர்த்துவிட்டு, மறுத்த பள்ளி மீதான புகாரைத் தனியாக நடத்துங்கள். பிள்ளையை அந்தச் சண்டையின் நடுவில் நிறுத்த வேண்டாம்.

நம்பிக்கை: சாதாரணப் பள்ளியில் போட்டால் மற்ற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்தே சரியாகிவிடுவான்.

அதிகம் கேட்பதும், அதிகம் சேதம் செய்வதும் இந்த நம்பிக்கைதான். ஆட்டிசம் பார்த்து மாற்றிக்கொள்ளும் பழக்கம் அன்று. ஒலி, ஒளி, தொடுகை, பேச்சு, பிறர் முகக்குறிப்பு ஆகியவற்றை மூளை வாங்கிக்கொள்ளும் விதமே வேறு. அறுபது பேர் உள்ள அறையின் கடைசி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டால் அந்த விதம் மாறிவிடாது. பள்ளிக்குள் இருப்பதும் பாடத்துக்குள் இருப்பதும் ஒன்றாகிவிடாது.

பத்து வயதுவரை பிள்ளைகளின் உலகம் ஓடிப் பிடித்து விளையாடுவது. பதினொன்றுக்கு மேல் அது பேச்சாக மாறுகிறது. கிண்டல், ரகசியம், பாதி சொல்லி மீதியைக் கண்ணால் முடிப்பது, யார் எந்தக் கூட்டம் என்ற கணக்கு. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு மிகக் கடினமான பகுதி இதுதான். "போய் பி.டி. சாரிடம் இதைச் சொல்லு" என்று ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லி அனுப்புவார்கள். இவன் அப்படியே போய்ச் சொல்வான். அடி இவனுக்கு, சிரிப்பு அவர்களுக்கு. நண்பர்கள் கிடைத்துவிட்டார்கள் என்று வீட்டில் வந்து சந்தோஷமாகவும் சொல்வான். இது நடந்துகொண்டிருப்பது பல பெற்றோருக்கு மாதக்கணக்கில் தெரிவதில்லை.

சாதாரணப் பள்ளியே வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஆதரவோடு நடக்கும்போது அதைவிட நல்ல இடம் பல பிள்ளைகளுக்கு இல்லை. அந்த ஆதரவு உண்மையில் இருக்கிறதா என்பதே கேள்வி. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள 10 பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பிள்ளைகளுக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர் விகிதத்தை வகுத்தது. அதனால் பள்ளியில் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: சிறப்பாசிரியர் யார், வாரத்தில் எந்த நாட்களில் வருகிறார், என் பிள்ளையோடு எவ்வளவு நேரம் இருப்பார்? அரசுப் பள்ளிகளுக்கு வட்டார வள மையத்திலிருந்து வருபவர்கள் பல பள்ளிகளைச் சுற்றிவர வேண்டியவர்கள். அவர்கள் வராத நாளில் யார் பொறுப்பு என்பதையும் கேளுங்கள்.

"ஷேடோ டீச்சரை நீங்களே சம்பளம் கொடுத்து வையுங்கள்" என்று சொல்லும் தனியார் பள்ளிகள் பெருகிவிட்டன. பெற்றோர் தலையில் செலவைக் கட்டுவது அநியாயம் என்பது என் உறுதியான எண்ணம். அதைவிடப் பெரிய கெடுதல் வகுப்புக்குள் நடக்கிறது. உதவிக்கென்று பிள்ளையோடு ஷேடோ ஒருவர் ஒட்டிக்கொண்டே இருந்தால் வகுப்பாசிரியர் அந்தப் பிள்ளையிடம் பேசுவதையே விட்டுவிடுகிறார். அறிவியல் டீச்சர் ஒரு வருடம் முழுவதும் நேரடியாக ஒரு கேள்வி கேட்காத பிள்ளை, அறிவியல் வகுப்பில் இருந்தது என்று எப்படிச் சொல்வது?

நம்பிக்கை: சிறப்புப் பள்ளிக்குப் போனால் படிப்பு அதோடு முடிந்தது.

எந்தச் சிறப்புப் பள்ளி என்பதைப் பொறுத்தது. நம்மூர்ச் சிறப்புப் பள்ளிகளில் கணிசமானவை அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகளை மனதில் வைத்துத் தொடங்கப்பட்டவை. ஆட்டிசம் உள்ள எல்லாருக்கும் அந்தக் குறைபாடு இருப்பதில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2020-ஆம் ஆண்டுக்காக எடுத்த கணக்கில், ஆட்டிசம் உள்ள எட்டு வயதுப் பிள்ளைகளில் சுமார் 38 சதவீதத்தினருக்கே அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்து இருந்தது. பேச்சு வராத பிள்ளைக்கு வாய்மொழியாகச் சோதனை வைத்து மதிப்பெண் போட்டால் அந்த எண்ணையும் நம்ப முடியாது. தினத்தந்தியை எழுத்துக்கூட்டாமல் வாசிக்கும் பன்னிரண்டு வயதுப் பையனை மணி கோக்க உட்கார வைத்தால், அவன் மூன்றாம் நாள் மேஜையைக் கவிழ்ப்பான். உடனே ஃபைலில் "நடத்தைப் பிரச்சினை" என்று எழுதிவிடுவார்கள். அவனுக்கு இருந்தது சலிப்பு.

நல்ல சிறப்புப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத்தில் ஒரு தனிநபர் கல்வித் திட்டம் இருக்கும். ஐ.இ.பி. என்பார்கள். அதைக் காட்டச் சொல்லுங்கள். "கவனத்தை மேம்படுத்துதல்" என்று பொத்தாம்பொதுவாக இருந்தால் அது வெறும் காகிதம். "செப்டம்பருக்குள் கடையில் ஐம்பது ரூபாய் கொடுத்து மீதிச் சில்லறையைச் சரிபார்த்து வாங்குவாள்" என்று இருந்தால் அது திட்டம்.

தேர்வுக் கதவும் மூடிவிடுவதில்லை. தேசிய திறந்தநிலைப் பள்ளி, என்.ஐ.ஓ.எஸ்., 14 வயது முடிந்தவர்களைப் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்துகொள்கிறது. ஐந்து பாடங்கள் போதும், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கலாம், ஒவ்வொன்றாக எழுதித் தேறலாம். ஆறாம் வகுப்பிலேயே இதை மனதில் வைத்துப் பாடங்களைத் திட்டமிடும் சிறப்புப் பள்ளிகளும் கற்றல் மையங்களும் சென்னையிலும் கோவையிலும் இருக்கின்றன. 18 வயதுவரை சாதாரணப் பள்ளியோ சிறப்புப் பள்ளியோ, விரும்பியதில் இலவசமாகப் படிக்கும் உரிமையை 2016 சட்டத்தின் 31-ஆவது பிரிவு தருகிறது. அதற்குக் குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் சான்றளிக்கப்பட்டிருக்க வேண்டும்.

நம்பிக்கை: நல்ல மார்க் வாங்குகிறாள், பள்ளியில் ஒரு புகாரும் இல்லை. வீட்டில் செய்வதெல்லாம் நீங்கள் கொடுக்கும் செல்லம்.

பெண் பிள்ளைகளின் பெற்றோர் இதை அதிகம் கேட்கிறார்கள். மற்ற பெண்கள் சிரிக்கும்போது சிரித்து, அவர்கள் தலையாட்டும்போது தலையாட்டி, தன் பதற்றத்தை மணி அடிக்கும்வரை அடக்கி வைத்துக்கொண்டு இருக்கும் பிள்ளை ஆசிரியர் கண்ணுக்குச் சமத்து. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அத்தனையும் வெடிக்கும். பள்ளியில் அமைதி, வீட்டில் புயல் என்றால் வளர்ப்பைக் குறை சொல்வதற்கு முன் பள்ளி நாளைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு வயிற்று வலி வருகிறதா? தண்ணீர் பாட்டில் நிறைய, அப்படியே திரும்பி வருகிறதா? அப்படியென்றால் அவள் பள்ளிக் கழிப்பறையைத் தவிர்க்கத் தண்ணீரே குடிக்காமல் இருக்கலாம். மாதவிடாய் தொடங்கும் வயதில் இது பெரிய விஷயம். எண்பது மதிப்பெண்ணுக்கு அவள் என்ன விலை கொடுக்கிறாள் என்பது ரேங்க் கார்டில் வராது.

நம்பிக்கை: இரண்டு வகுப்பு கீழே இறக்கிப் போட்டால் சமாளித்துக்கொள்வான்.

பாடம் எளிதாகலாம். பன்னிரண்டு வயதுப் பையன் பத்து வயதுப் பிள்ளைகள் நடுவே உட்கார்ந்தால் மற்றதெல்லாம் கடினமாகிவிடும். பள்ளிக்கே போகாமல் இருந்த பிள்ளையைக்கூட வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, தனிப் பயிற்சி கொடுத்துத்தான் ஈடுகட்ட வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். வகுப்பு அப்படியே இருக்கட்டும், பாடத்தின் அளவைக் குறையுங்கள்.

நம்பிக்கை: வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி குழப்பும்.

இதைச் சொல்லும் பள்ளிகள் இன்னும் இருக்கின்றன, சில தெரபிஸ்டுகளும் சொல்கிறார்கள். கனடாவில் ஹாம்ப்ளி, ஃபோம்போன் என்ற இரு ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இருமொழிச் சூழலில் வளரும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் ஒரு மொழி மட்டும் கேட்டு வளர்பவர்களைவிடப் பேச்சில் பின்தங்கவில்லை. பிறகு வந்த ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. ஆங்கிலத்தில் தடுமாறும் அம்மா, தன் பிள்ளையிடம் "கம், சிட், ஈட்" என்று மூன்று சொற்களோடு நின்றுவிடுகிறாள். தாலாட்டும் திட்டும் கொஞ்சலும் கதையும் போய்விடுகின்றன. ஆச்சியோடு பேச்சு நின்றுவிடுகிறது. ஏற்கெனவே பேச்சு அரிதாக வரும் ஒரு பிள்ளையிடமிருந்து வீட்டின் மொழியையும் பிடுங்குவது கொடுமை. பள்ளியின் பயிற்றுமொழியை முடிவு செய்யும்போது பிள்ளை எந்த மொழியில் வலி சொல்கிறது, எந்த மொழியில் கேள்வி கேட்கிறது என்று பாருங்கள். தேர்விலும் வழி உண்டு. மொழிப்பாட விலக்கு, கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர் ஆகிய சலுகைகள் தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் இருக்கின்றன. சி.பி.எஸ்.இ.யிலும் இதுபோன்றவை உண்டு.

நம்பிக்கை: சான்றிதழ் வாங்கினால் முத்திரை குத்திவிடுவார்கள்.

முத்திரை ஏற்கெனவே விழுந்துவிட்டது: அடங்காதவன், திமிர் பிடித்தவன், அரைகுறை. அதைவிட மருத்துவச் சான்று எவ்வளவோ மேல். சேர்க்கைக்குச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் மேலே சொன்ன தேர்வுச் சலுகைகளை அது இல்லாமல் பத்தாம் வகுப்பு வாசலில் நின்று கேட்க முடியாது. 40 கேள்விகள் கொண்ட இந்திய ஆட்டிசம் மதிப்பீட்டு அளவுகோலை வைத்து அரசு மருத்துவமனைகளில் சான்று தருகிறார்கள். முட்டுக்காட்டில் உள்ள தேசியப் பல்வகை மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்தில் விரிவாகப் பரிசோதிக்கலாம். ஏழாம் வகுப்புக்குள் இதை முடித்துவிடுங்கள்.

நம்பிக்கை: ஃபீஸ் அதிகமுள்ள பெரிய பள்ளியில்தான் கவனிப்பு இருக்கும்.

நான் பெற்றோரிடம் அடிக்கடி சொல்லிப் பார்ப்பது இதற்கு நேர் எதிரானது. நம்மூரில் ஒன்று முதல் எட்டு வரை உள்ள அரசு, அரசு உதவிபெறும் நடுநிலைப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு ஆறாம் வகுப்பு அதே வளாகத்தில், அதே மரத்தடியில். அதே சத்துணவு அக்கா. பல இடங்களில் வகுப்புக்கு இருபது முப்பது பேர்தான். கூடப் படிப்பவர்கள் தெருப் பிள்ளைகள், இவனைச் சிறு வயதிலிருந்து தெரிந்தவர்கள். ஆயிரக்கணக்கானோர் படிக்கும் மேல்நிலைப் பள்ளியில் போட்டால் புது வளாகமும் புது முகங்களும் மைக் வைத்த அசெம்பிளியும் ஒரே நாளில் வந்து விழும். இந்த மாற்றத்தை மூன்று வருடம் தள்ளிப்போடுவதே சில பிள்ளைகளுக்குப் பாதி வைத்தியம். எல்லா நடுநிலைப் பள்ளியும் நல்ல பள்ளி என்று சொல்லவில்லை. பட்டியலிலேயே சேர்க்காமல் தாண்டிப் போகாதீர்கள் என்கிறேன்.

எந்தப் பள்ளியானாலும் தலைமை ஆசிரியர் அறையோடு திரும்பி வராதீர்கள். மதிய இடைவேளையில் போங்கள், ஆளில்லாத மூலையில் யாராவது ஒரு பிள்ளை தனியாக நிற்கிறதா, அதை எந்தப் பெரியவராவது கவனிக்கிறாரா என்று பாருங்கள். சத்தம் தாங்காமல் போனால் பிள்ளை கேட்காமலே எழுந்து போக ஓர் இடம் உண்டா என்று கேளுங்கள். நூலகமோ ஸ்டோர் ரூமோ எதுவானாலும் சரி. பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே காலி வளாகத்தில் பிள்ளையை நடக்கவிட அனுமதி கேளுங்கள். இதற்குக் காசு செலவில்லை. "அதெல்லாம் முடியாது" என்று இதற்கே சொல்லும் பள்ளி, பின்னால் வேறெதற்கும் வளைந்து கொடுக்காது.

நம்பிக்கை: சேர்த்தாகிவிட்டது, இனி எட்டாம் வகுப்புவரை மாற்றக் கூடாது.

மாற்றம் இந்தப் பிள்ளைகளுக்குக் கடினம் என்பது உண்மை. அதற்காகத் தவறான இடத்தில் மூன்று வருடம் வைத்திருக்க வேண்டியதில்லை. தூக்கம், சாப்பாடு, பேச்சு மூன்றும் ஒரு பருவம் முழுக்கப் பின்னோக்கிப் போனால் காத்திருக்காதீர்கள். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிக்கு ஆண்டின் நடுவிலும் மாறும் உரிமை கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவில் இருக்கிறது. பழைய பள்ளி டி.சி.யை உடனே தர வேண்டும். அது வரத் தாமதமாகிறது என்று சொல்லிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது. டி.சி.க்கு எழுதும் கடிதத்தில் பிள்ளைக்குச் செய்து தரும்படி கேட்ட மாற்றங்களையும், அவை கிடைத்தனவா இல்லையா என்பதையும் தேதியோடு குறிப்பிட்டு, ஒரு நகலில் பள்ளியின் முத்திரையோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புதிய பள்ளியின் சிறப்பாசிரியரிடம் முதல் நாள் காட்ட வேண்டிய காகிதம் அதுதான்.