உடம்புக்கு முன் உடுப்பு: ரவிவர்மாவின் பெண்களைப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

முதலில் அசலின் முன்னால் நில்லுங்கள்

பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ பாசஞ்சர் ஏறினால் திருவனந்தபுரம். அங்கே மியூசியம் வளாகத்தில் ரவிவர்மாவின் அசல் ஓவியங்கள் இருக்கின்றன. திங்கட்கிழமை போகாதீர்கள், விடுமுறை. 1899-இல் வரைந்த ‘ஹம்ச தமயந்தி’யைத் தேடிப் பிடியுங்கள்.

துணியைப் பாருங்கள்

முகம், கழுத்து, இடை என்றுதான் கண் முதலில் ஓடும். ஓடட்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை. பிறகு உடுப்புக்கு வாருங்கள். தமயந்திக்குச் சிவப்புச் சேலை. நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்துப் பாலராமபுரம் தறிகளில் நெய்யும் முண்டும் நேரியதும் அல்ல. அந்த வெள்ளை உடுப்பை ரவிவர்மாவின் முல்லைச்சரம் சூடும் நாயர் பெண்ணிடம் காணலாம். 1873-இல் சென்னைக் கண்காட்சியில் கவர்னரின் தங்கப் பதக்கம் வாங்கிய படம் அது. வெள்ளை உடுத்தியவளைப் பார்த்ததுமே ஊரும் சாதியும் தெரிந்துவிடும். சேலை உடுத்தியவளை எந்த ஊர்க்காரரும் தம்மவள் என்பார்.

தமிழக-கேரள எல்லையோரக்காரர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். மேலாடை உரிமைக்காகத் தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் பல பத்தாண்டுகள் போராடினார்கள். 1859-இல் வந்த அரச ஆணை மார்பை மறைக்கலாம் என்றது. மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக்கூடாது என்றது. பதினான்கே ஆண்டு கழித்து மேல்சாதிப் பெண்ணின் அந்த உடுப்பு பதக்கம் வாங்குகிறது. அந்தப் படத்தில் எவ்வளவு மறைந்திருக்கிறது, எவ்வளவு தெரிகிறது என்று அளப்பதற்கு முன், அப்படி உடுத்த யாருக்கு அனுமதி இருந்தது என்று கேளுங்கள். என் கணக்கில் பாதிப் படம் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

அவள் பார்வை போகும் திசை

தமயந்தி நம்மைப் பார்க்கவில்லை, அன்னத்தைப் பார்க்கிறாள். அது நளனைப் பற்றிச் சொல்கிறது. நளவெண்பா படித்தவருக்குத் தெரிந்த கதை. கேட்கக் கேட்க ஊறும் ஆசைதான் படத்தின் சிருங்காரம். நாம் ஒட்டுக்கேட்க வந்தவர்கள்.

கிட்டே போய், பின்னால் வாருங்கள்

கிட்டே வெறும் வண்ணத் தீற்றல். நாலடி தள்ளினால் தோல், பட்டு, ஜரிகை. எண்ணெய் வண்ணத்தின் வேலை அது. அதைக் கற்றுத்தர அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் மறுத்தார். அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளைதான் ரகசியமாகச் சொல்லிக்கொடுத்தாராம்.

அச்சுப்படத்தோடு ஒப்பிடுங்கள்

1894-இல் பம்பாயில் ரவிவர்மா அச்சகம் தொடங்கினார். அவர் பெண்கள் வீட்டுச் சுவர்களுக்கு வந்தது அப்படித்தான். உங்கள் வீட்டில் பழைய பிரதி இருந்தால் போனில் படமெடுத்துப் போங்கள். துணி மடிப்பின் நிழல் அச்சில் எங்கெங்கே தட்டையாகியிருக்கிறது என்று பாருங்கள்.