பந்துக் கேக்குக்குச் சீனிப் போர்வை

ஒரு கிரிக்கெட் பந்தையும் ஒரு செய்தித்தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுருக்கம்கூட விழாமல் தாளால் பந்தை மூட முயலுங்கள். முடிகிறதா? எத்தனை முறை முயன்றாலும் தாள் மடியும், இல்லையேல் கிழியும்.

ஆனால் பேக்கரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் பந்து வடிவப் பிறந்தநாள் கேக்கைப் பார்த்திருப்பீர்கள். அதன் மேல் வழவழப்பாக ஒரு சீனிப் போர்வை கிடக்கும். அதற்கு ஃபாண்டன்ட் என்று பெயர். அதுவும் முதலில் தட்டையான தகடுதான். தாளால் முடியாதது அதற்கு மட்டும் எப்படி முடிந்தது?

25 செ.மீ. எங்கே போகும்?

தட்டின் மேல் கவிழ்த்து வைத்த அரைக்கோளக் கேக் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் ஆரம் 7 செ.மீ. உச்சியிலிருந்து விளிம்பு வரை கேக்கின் மேலாக அளந்தால் 11 செ.மீ. இருக்கும். ஏனெனில் அது 44 செ.மீ. சுற்றளவில் கால் பங்கு. ஆகவே 11 செ.மீ. ஆரமுள்ள வட்டத் தகடு வேண்டும்.

அந்தத் தகட்டின் சுற்றளவு என்ன? 2 × 22/7 × 11 = ஏறத்தாழ 69 செ.மீ. ஆனால் அது போய் அமர வேண்டிய கேக்கின் விளிம்போ 44 செ.மீ. தான். மிச்சமுள்ள 25 செ.மீ. எங்கே போவது? தாளில் அதுதான் சுருக்கமாகிறது!

தட்டைப் பரப்பின் நீளங்களை மாற்றாமல் அதைக் கோளப் பரப்பாக்க முடியாது என்பதைக் கார்ல் பிரீட்ரிக் காஸ் என்ற ஜெர்மானியக் கணித மேதை 1827-இல் நிறுவினார். உலக உருண்டையைத் தட்டையான படமாக வரையும்போது நாடுகளின் அளவோ வடிவமோ பிழையாவதும் இதனால்தான்.

தோலுக்கு ஒரு வழி

திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலுக்குப் பேர்போன ஊர். நத்தத்தில் உள்ள என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் 2016 முதல் தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட் ஆட்டங்களும் நடந்திருக்கின்றன. பதனிட்ட தோல் தட்டையானது, பந்தோ உருண்டை. பந்து செய்பவர்கள் என்ன செய்கிறார்கள்? தரமான பந்தின் மேலுறையை நான்கு துண்டுகளாக வெட்டுகிறார்கள். ஒவ்வொன்றும் ஆரஞ்சுத் தோலின் கால் பங்கு போல இருக்கும். இரண்டிரண்டாகத் தைத்து, அச்சில் அழுத்திக் கிண்ணமாக்கி, இரு கிண்ணங்களையும் சேர்த்துத் தைக்கிறார்கள். மிச்சத்தை முன்கூட்டியே வெட்டி நீக்கிவிடுவதுதான் இந்த வழி.

சீனிக்கு இன்னொரு வழி

ஃபாண்டன்ட் வெட்டுப்படாமலே வளைகிறது. இதன் இரகசியம் அதன் உள்ளமைப்பில் இருக்கிறது. சீனிப்பாகை அசைக்காமல் பல நாள் வைத்தால் பெரிய பெரிய படிகங்கள் வளர்ந்து கற்கண்டாகும். கற்கண்டை வளைக்க முடியுமா? உடைக்கத்தான் முடியும். ஃபாண்டன்டில் இருப்பதும் அதே சீனிதான். ஆனால் நாக்குக்கு நறநறப்புத் தெரியாத நுண்துகள்களாக இருக்கிறது. ஒவ்வொரு துகளைச் சுற்றியும் மெல்லிய பாகுப் படலம் உண்டு. அழுத்தினால் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றன. கையை எடுத்தால் நகர்ந்த இடத்திலேயே நிற்கின்றன. இரப்பரைப் போலத் திரும்பி வருவதில்லை. களிமண்ணைப் போலப் புது வடிவத்தை ஏற்றுக்கொள்கின்றன.

அப்படியானால் காஸ் சொன்னது பொய்த்துவிட்டதா? இல்லை. இங்கே நீளங்கள் மாறுகின்றன. விளிம்பு 69 செ.மீ.யிலிருந்து 44 செ.மீ.க்கு ஒடுங்குகிறது. கன அளவு மாறாததால் அந்த மிச்சம் தடிமனுக்குள் போய்விடுகிறது. தகட்டின் பரப்பு 380 ச.செ.மீ.; அரைக்கோளத்தின் வளைபரப்பு 308 ச.செ.மீ. எனவே 4 மி.மீ. தகடு சராசரியாக ஏறத்தாழ 5 மி.மீ. தடிமன் ஆகும்.

செய்து பார்ப்போம்

பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 14 செ.மீ. விட்டமுள்ள அரைக்கோளக் கிண்ணத்தில் கேக்கைச் சுட்டு, நன்கு ஆறியதும் கவிழ்த்து, மேலே மெல்லிதாக ஜாம் தடவுங்கள்.

ஒன்றரைத் தேக்கரண்டி ஜெலட்டினை 30 மி.லி. நீரில் ஊறவைத்து, கொதிக்கவிடாமல் இளஞ்சூட்டில் கரையுங்கள். 60 மி.லி. திரவ குளுக்கோஸ், ஒன்றரைத் தேக்கரண்டி உணவுத்தர கிளிசரின், ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் சேருங்கள். இதை 450 கிராம் ஐசிங் சீனியில் ஊற்றிச் சப்பாத்தி மாவு போலப் பிசையுங்கள். குளுக்கோஸ் சீனிப் படிகங்கள் பெரிதாவதைத் தடுக்கும். கிளிசரின் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஜெலட்டின் இழுவைத் தன்மை தரும்.

வெள்ளையாகவே சிறிது எடுத்து வைத்துவிட்டு, மீதியில் உணவுக்கான சிவப்பு நிறம் கலந்து வட்டமாகத் தேயுங்கள். கேக்கின் மேல் போர்த்தி, உச்சியிலிருந்து கீழ்நோக்கி உள்ளங்கையால் தடவி வாருங்கள். விளிம்பில் மடிப்பு எழுந்தால் அமுக்கிவிடாதீர்கள்! மடிப்பை வெளிப்புறமாக விரித்துவிட்டு, பிறகு மெதுவாக உள்ளே ஒடுக்குங்கள். தாமதித்தால் மேற்பரப்பு உலர்ந்து வெடிக்கும்.

உச்சி வழியாக 22 செ.மீ. நீள வெள்ளைப் பட்டையை ஒட்டி, பல்குத்தும் குச்சியால் ஆறு வரிசைத் தையல் இடுங்கள். உண்மையான பந்தின் முழுச் சுற்றளவே 22.4 முதல் 22.9 செ.மீ. வரைதான். உங்கள் பந்து ஏறத்தாழ இரு மடங்கு பெரியது!

திண்டுக்கல் வெயிலில்

சித்திரை வெயிலில் கேக்கின் மேல் வெண்ணெய்க் கிரீம் பூசினால் உருகி, போர்வை சரியும். அதனால்தான் ஜாம் தடவச் சொன்னோம். கேக்கைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்தாலும் தொல்லைதான். குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் பனித்துளியாகப் படியும். சீனி அதில் கரைந்து பிசுபிசுக்கும். அதிகாலையில் செய்து, நிழலான இடத்தில் மூடி வையுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி. 10.5 செ.மீ. ஆரமுள்ள அரைக் கைப்பந்து வடிவில் கேக் செய்தால் விளிம்பில் எத்தனை செ.மீ. மிச்சம் வரும்? தகட்டின் சுற்றளவுக்கும் கேக்கின் விளிம்புக்கும் உள்ள விகிதம், பந்து பெரிதானால் மாறுமா, மாறாதா? கணக்கிட்டுப் பாருங்கள், விடையில் உங்களுக்குப் பழக்கமான ஓர் எண் ஒளிந்திருக்கிறது.