இழுக்கிற வண்டியா, இறங்குகிற வண்டியா?

(இறுதியாண்டு, இயந்திரவியல் துறை)

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, எனக்குக் கவிதையும் வராது, கதையும் வராது என்று சொல்லிப் பார்த்தேன். விடவில்லை. என் கையில் இருந்தது போன கோடை விடுமுறையில் என் தாய்மாமாவுக்காகப் போட்ட ஒரு கணக்குதான். அதையே எழுதுகிறேன். சேலம், நாமக்கல் பிள்ளைகளுக்கு லாரியைப் பற்றிச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது மாதிரிதான். சங்ககிரியில் வீட்டுக்கு வீடு லாரிக்காரர், திருச்செங்கோட்டில் ரிக் வண்டி, நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகளும் கேஸ் டேங்கர்களும். இருந்தாலும் கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

மாமா இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் வண்டியை ஓட்டியவர். சீட்டு எடுத்த பணம், அத்தையின் நகை, மீதிக்கு ஃபைனான்ஸ் என்று சொந்தமாக ஒரு பத்துச் சக்கர வண்டி எடுப்பதென்று முடிவு செய்தார். வாடகை பேசி வைத்திருந்ததும் கனமான வாடகைதான். கர்நாடகத்தில் தாவணகெரே பக்கத்திலிருந்து இங்கே கோழித் தீவன மில்களுக்கு மக்காச்சோளம். மனதில் இரண்டு வண்டிகள். இரண்டும் மொத்த எடை 28 டன். ஒன்று 200 குதிரைத் திறன், மற்றது 250. பெரியதுக்கு விலையும் நாலு லட்சம் கூட.

"மாப்ள, நீதான் இஞ்சினியருக்குப் படிக்கறயே. எது நல்லா இழுக்கும்னு சொல்லு பார்ப்போம்" என்றார். அவர் மனசு 250-இல் இருந்தது முகத்திலேயே தெரிந்தது.

முதலில் அந்த எண்களைப் பற்றி. லாரியின் முகப்பில் 1210, 1612, 2820 என்று எழுதியிருப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறோம். பெரும்பாலும் முதல் இரண்டு இலக்கம் மொத்த எடை, டன் கணக்கில். கடைசி இரண்டு இலக்கத்தைப் பத்தால் பெருக்கினால் சுமாராகக் குதிரைத் திறன். 1210 என்றால் 12 டன், 100 குதிரை. டெல்கோ 1954-இல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸோடு கூட்டுச் சேர்ந்து லாரி செய்ய ஆரம்பித்தது. 1948-இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கியதுதான் பிறகு அசோக் லேலண்ட் ஆனது. அவர்களுடைய டாரஸ் வண்டி எவ்வளவு ஊன்றிப்போனது என்றால், நம் பக்கத்தில் எந்தக் கம்பெனியின் பத்துச் சக்கர வண்டிக்கும் டாரஸ் என்றே பெயர்.

மொத்த எடை என்பது ஏற்றுகிற எடை அல்ல. இது நமக்குத் தெரியும். ஆனால் வண்டி வாங்குகிற நேரத்தில் பலருக்கு மறந்துவிடுகிறது. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியது. முன் அச்சுக்கு 7 டன், பின்னால் இரட்டை அச்சுக்கு 21 டன், ஆக 28. முன்பு இதே வண்டிக்கு 25 டன்தான். சேசிஸ், கேபின், பாடி, டீசல், ஆட்கள் எல்லாம் போக மீதிதான் லோடு. காலி எடை பத்து டன் வந்தால் லோடு 18 டன். மாமா உயரமான கனத்த பாடி கட்டச் சொல்ல நினைத்திருந்தார். பாடியில் 400 கிலோ குறைத்தால் ஒவ்வொரு நடைக்கும் 400 கிலோ சோளம் சட்டப்படியே கூட ஏறும். இதைச் சொன்னதும் உடனே ஒத்துக்கொண்டார். பட்டறை மிஸ்திரிதான் ஒத்துக்கொள்ளவில்லை. அவரிடம் ரெண்டு டீ குடிக்க வேண்டியிருந்தது.

இனி இழுக்கிற கணக்கு. 28 டன் வண்டி சமதளத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. டயர் உருளும் தடை, எடையில் ஆயிரத்துக்கு எட்டு என்று வைத்தால் 2.2 கிலோ நியூட்டன். காற்றின் தடை சுமார் 0.9. மொத்தம் 3.1. வேகம் நொடிக்கு 16.7 மீட்டர். பெருக்கினால் 52 கிலோவாட். கியர் பாக்ஸிலும் கிரவுனிலும் போகிற இழப்பைச் சேர்த்தாலும் இஞ்சினிலிருந்து 82 குதிரைத் திறன் போதும். 200 குதிரை இஞ்சினில் பாதிக்கும் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. நாமக்கல்லிலிருந்து கரூர் வரைக்கும், சேலத்திலிருந்து ஈரோடு வரைக்கும் இதுதான் நிலைமை.

சரி, மேடு? நூறு மீட்டருக்கு நாலு மீட்டர் ஏறுகிற சாலை என்று வைத்துக்கொள்வோம். எடையின் கூறு 11 கிலோ நியூட்டன், உருளும் தடை 2.2, கூட்டினால் 13.2. இந்த வேகத்தில் காற்றை விட்டுவிடலாம். 200 குதிரை என்பது 147 கிலோவாட். சக்கரத்துக்கு 85 சதவீதம் வந்து சேர்ந்தால் 125. வகுத்தால் மணிக்கு 34 கிலோமீட்டர். 250 குதிரைக்கு அதே கணக்கு 42 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டுகிறது. பத்துக் கிலோமீட்டர் தொடர்ந்து ஏறினால் மிச்சமாவது மூன்றரை நிமிடம்! நாலு லட்சத்துக்கு மூன்றரை நிமிடம் என்று சொன்னேன். மாமா சிரிக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். சேலம் 300-க்கும் கீழே. மாமாவின் வண்டி போகும்போது கோழித் தீவனமா கொண்டு போகப் போகிறது? காலியாகவோ சில்லறை லோடாகவோ மேலே ஏறும். பதினெட்டு டன் சோளத்தோடு கீழே இறங்கும். இந்த வாடகைக்கு வண்டி கனமாக ஏறுவதே குறைவு, கனமாக இறங்குவதுதான் வேலை. நடுவில் தர்மபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர் கணவாய். தேசிய நெடுஞ்சாலை 44, நம் அப்பாக்கள் வாயில் இன்னும் ஏழாம் நம்பர் ரோடு.

"இறங்கறதுக்கு எது நல்லதுன்னு பாக்கலாமுங்களா மாமா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் எழுந்து வெளியே போய்விட்டார். அத்தைதான் சமையல்கட்டிலிருந்து சொன்னார். பல வருஷத்துக்கு முன் ஓனர் வண்டியில் ஆறு டன் கூடுதல் லோடு, இரவு நேரம், தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரல். பாதி வழியில் பிரேக் பிடிக்கவில்லை. வண்டியை மலைப்பக்கம் மண்மேட்டில் ஏற்றி நிறுத்தியிருக்கிறார். மாமாவுக்கு ஒன்றுமில்லை. இடப்பக்கம் உட்கார்ந்திருந்த கிளீனர் பையனுக்கு ஒரு கால் போய்விட்டது. பத்தொன்பது வயது. இப்போதும் தீபாவளிக்கு மாமா அவன் வீட்டுக்குப் போய் வருகிறாராம். எனக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் இந்தக் கணக்கைப் போட்டேன்.

28 டன் எடை 100 மீட்டர் உயரம் கீழே இறங்கினால் வெளிவரும் ஆற்றல் 27.5 மெகா ஜூல். முக்கால் லிட்டர் டீசலை எரித்தால் வருகிற வெப்பம் அது. நாலு சதவீதச் சரிவில் அந்த இறக்கம் இரண்டரை கிலோமீட்டர் நீளம். டயரின் தடை 5.5 மெகா ஜூலைத் தின்றுவிடும். நியூட்ரலில் போனால் மீதி 22 மெகா ஜூலும் பிரேக் டிரம்மில்தான் இறங்கியாக வேண்டும், வேறு போக்கிடம் கிடையாது. ஆறு டிரம், ஒன்று 45 கிலோ என்றால் 270 கிலோ வார்ப்பிரும்பு. ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்க அரை கிலோ ஜூல். ஆக ஒவ்வொரு 100 மீட்டர் இறக்கத்துக்கும் டிரம்மின் வெப்பம் 160 டிகிரி ஏறும். 60 கிலோமீட்டர் வேகத்தில் இந்த இரண்டரை கிலோமீட்டர் வெறும் இரண்டரை நிமிடம், ஆறுவதற்கு நேரமே இல்லை. அடுத்த நூறு மீட்டரில் இன்னொரு 160. லைனிங்கின் உராய்வு குறைகிறது. டிரம்மும் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது. காற்று அழுத்தம் சரியாக இருக்கும், பெடல் சரியாக இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. ஆறு டன் கூடுதல் ஏற்றினால் இதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட. ஏ.பி.எஸ். இருக்கிறதே என்று ஒரு நண்பன் கேட்டான். ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். சூட்டை அது என்ன செய்யும்?

கியரில் இறங்கினால் கதை வேறு. அதே சரிவில் வண்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டிய விசை 8.8 கிலோ நியூட்டன். மணிக்கு 30 கிலோமீட்டரில் இது 73 கிலோவாட், 60-இல் 146. எக்ஸாஸ்ட் பிரேக், புகைக்குழாயை ஒரு தட்டு வால்வால் அடைத்து இஞ்சினையே கம்ப்ரஸர் மாதிரி உழைக்க வைக்கிறது. அது 75 கிலோவாட் பிடிக்கும் என்று வைத்தால், 30-இல் கால் பிரேக்கே வேண்டாம். 60-இல் பாதி டிரம்முக்குப் போகிறது. அதுவும் இஞ்சின் சுற்று அதிகமாக இருந்தால்தான் பிடிக்கும், அதனால் சின்ன கியர் அவசியம். டீசல் மிச்சம் என்று நியூட்ரல் போடுகிறார்களே, அதையும் பார்த்தேன். கியரில் இறங்கும்போது ஆக்ஸிலேட்டரில் கால் இல்லை என்றால் இஞ்சினுக்கு டீசலே போவதில்லை, சக்கரம்தான் அதைச் சுற்றுகிறது. நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்கு டீசல் எரிகிறது. லேசான சரிவில் நியூட்ரல் கொஞ்ச தூரம் கூட ஓட்டித் தரும், மறுக்கவில்லை. கணவாயில் மிச்சம் பூஜ்யம். இஞ்சினையே நிறுத்திவிடுகிற ஆட்களும் உண்டு. பிரேக்குக்குக் காற்று தருகிற கம்ப்ரஸரும் பவர் ஸ்டீயரிங்கும் அதோடு நின்றுபோகும் என்பதை என்ன சொல்ல?

2020 டிசம்பரில் சிமெண்ட் ஏற்றி வந்த ஒரு லாரி தொப்பூரில் வரிசையாக நின்ற வாகனங்களில் மோதி 4 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் அதே கணவாயில் நடந்த விபத்திலும் 4 பேர். செய்தித்தாளில் "பிரேக் பிடிக்காததால்" என்று படிக்கும்போதெல்லாம் இனி எனக்கு அந்த 160 டிகிரிதான் ஞாபகம் வரும்.

மறுநாள் மாமாவிடம் நோட்டைக் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார். "அப்ப எந்த வண்டி?" என்றார். குதிரைத் திறனைக் கேட்க வேண்டாம், இஞ்சின் எத்தனை லிட்டர் கொள்ளளவு, எக்ஸாஸ்ட் பிரேக் எத்தனை ஆர்.பி.எம்.மில் எத்தனை கிலோவாட் பிடிக்கும் என்று கேளுங்கள் என்றேன். பெரிய இஞ்சின் என்றால் பிடிமானமும் பெரியது. ஆனால் இந்த இரண்டு வண்டியிலும் கொள்ளளவு ஒன்றேதான். டீசல் செலுத்தும் அளவில்தான் 50 குதிரை வித்தியாசம். இழுக்கும்போது அந்த 50 குதிரை வரும், இறங்கும்போது ஒரு குதிரைகூட வராது. ஷோரூமில் கிலோவாட் கேட்டதற்கு விற்பனையாளர் யார் யாருக்கோ போன் போட்டார். இதுவரை யாரும் கேட்டதில்லையாம்.

வண்டி ஓட்டிக் காட்டுகிறோம் என்றார்கள். பைபாஸில், காலியாக! மாமா வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தெரிந்தவர் ஒருவரின் அதே மாடல் வண்டியில் லோடோடு தர்மபுரியிலிருந்து வந்தார். நானும் கூடப் போனேன். இரட்டைப் பாலம் தாண்டுகிற வரைக்கும் அவர் வாய் திறக்கவில்லை. டிரைவர் கால் பிரேக்கை எத்தனை தடவை மிதித்தார் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். நாலு.

மற்றவை எல்லாம் சில்லறை விஷயம். 2020 ஏப்ரலிலிருந்து பி.எஸ். 6 வண்டிகள்தான். புகையைச் சுத்தம் செய்ய 32.5 சதவீத யூரியாக் கரைசல் ஊற்ற வேண்டும். சென்ஸார் கோளாறு என்றால் நம் மிஸ்திரியின் ஸ்பானருக்கு வேலையில்லை, ஸ்கேனர் வேண்டும். ஆகவே போகிற வழியில் எந்தெந்த ஊரில் சர்வீஸ் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டோம். கிரவுன் பல் விகிதம் பெரிதாக இருந்தால் குவாரிக்கும் மலைக்கும் நல்லது, சின்னதாக இருந்தால் நெடுஞ்சாலையில் டீசல் மிச்சம். மாதம் 10,000 கிலோமீட்டர் ஓடுகிற வண்டி லிட்டருக்கு 4-க்குப் பதில் 4.5 கொடுத்தால் 278 லிட்டர் மிச்சம். லிட்டர் 90 ரூபாய் என்றால் 25,000. டியூ கட்டுகிறவருக்கு அது பெரிய காசு.

200 குதிரை வண்டியையே எடுத்தார். ஓவர்லோடு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் கொஞ்சம் வாக்குவாதம். முதல் வாரமே புரோக்கர் ஒருவர் 24 டன் ஏற்றச் சொன்னார். ஆறு டன் கூடுதலுக்கு, டன்னுக்கு 1,200 என்று வைத்தால், 7,200 ரூபாய் கூட வரும். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி பிடிபட்டால் 20,000, அதோடு டன்னுக்கு 2,000, ஆக 32,000. "அஞ்சு நடைக்கு ஒரு தடவை பிடிச்சாலும் கட்டுமே மாப்ள" என்று மாமா கணக்குப் போட்டார். கணக்கு அவருக்கும் வரும்! நான் ஒன்றும் சொல்லவில்லை, நோட்டில் டிரம் பக்கத்தைத் திருப்பி வைத்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை, எழுந்துபோய் புரோக்கருக்குப் போன் போட்டார்.

முதல் லோடு வந்த ராத்திரி இரண்டு மணிக்கு எனக்குப் போன். தொப்பூரைத் தாண்டி டீக்கடையில் நிற்கிறேன் என்றார். "டிரம் கிட்ட கை காட்டிப் பார்த்தேன், சும்மா வெதுவெதுன்னுதான் இருக்குது. பின்னாடி வந்தவனெல்லாம் ஹாரன் அடிச்சே கொன்னுட்டானுங்க. மில்லுல அரை மணி நேரம் லேட்டுன்னு திட்டுவாங்க. சரி, நீ தூங்கு."