செயற்கைக்கோள் மௌனமானால்: கடலில் வழியறிதலும் மாற்று ஏற்பாடுகளும்

புனே நகருக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், நாராயண்காவ் அருகே, கோடத் என்னும் சிற்றூர் உள்ளது. பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் முன்னின்று உருவாக்கிய மாபெரும் மீட்டர் அலை வானொலித் தொலைநோக்கி இங்குதான் அமைந்திருக்கிறது. ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுடைய 30 கிண்ணங்கள் விண்ணிலிருந்து வரும் மெல்லிய அலைகளைச் சேகரிக்கின்றன. மனிதன் உண்டாக்கும் வானொலி இரைச்சல் குறைவாக இருந்தமை இவ்விடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணமாகும். மெல்லிய அலை எத்துணை எளிதில் இரைச்சலில் அமிழ்ந்துவிடும் என்பதை இங்குள்ள அறிவியலார் நாள்தோறும் காண்கின்றனர். அரபிக் கடலிலும் வங்கக் கடலிலும் தொழில் செய்யும் நம் மீனவரும் இன்று அத்தகைய மெல்லிய அலை ஒன்றை நம்பியே கரை திரும்புகிறார். ஆனால் அவரிடம் இருப்பது உள்ளங்கையளவு பெட்டி ஒன்றே.

அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் தன் இருப்பிடத்தையும் மிகத் துல்லியமான நேரத்தையும் ஓயாது அறிவிக்கிறது. நான்கு கோள்களின் அறிவிப்புகள் கிடைத்தால் கருவி தன் இடத்தைக் கணக்கிட்டுவிடும். ஆயினும் ஒரு வாட்டை நூறு கோடி கோடியாகப் பகுத்தால் வரும் ஒரு கூறு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு ஆற்றலே படகிலுள்ள கருவியை வந்தடைகிறது. இதனை அருகிலிருந்து எழும் சிறு வானொலிக் கருவியும் அமுக்கிவிடக்கூடும். இதைவிடத் தீயது பொய்யலை. அலை நின்றுவிட்டால் கருவி இடம் தெரியவில்லை என்று சொல்லிவிடும். மெய்யலையைப் போன்ற பொய்யலை வந்தாலோ, தவறான இடத்தை உறுதியோடு காட்டும்.

இது வெறும் ஊகமன்று. 2017 ஜூனில் கருங்கடலில் சென்ற கப்பல்கள் பலவற்றின் கருவிகள், அவை கரையிலுள்ள ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டின. 2025 ஜூனில் ஹோர்முஸ் நீரிணைப் பகுதியில் நூற்றுக்கணக்கான கப்பல்கள் இத்தகைய குழப்பத்திற்கு உள்ளாயின. நம் நாட்டில் 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை அமிருதசரஸ், ஜம்மு எல்லைப் பகுதிகளில் விமானங்களுக்கு இவ்வகை இடையூறு 465 முறை நேர்ந்ததாக நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. விமானத்தில் பயிற்சி பெற்ற இரு விமானிகளும் மாற்றுக் கருவிகளும் உண்டு. விசைப்படகில் என்ன உண்டு என்பதே நம் கேள்வி.

இலவசத்தின் விலை

பொருளாதார மாணவர்க்குக் கலங்கரை விளக்கம் பழகிய எடுத்துக்காட்டு. ஒரு கப்பல் அதன் ஒளியைப் பயன்படுத்துவதால் மற்றொரு கப்பலுக்கு ஒளி குறைவதில்லை. பணம் தராதவரை விலக்கவும் இயலாது. ஆகவே அதனை அரசே வழங்க வேண்டும் என்பது மில் முதல் சாமுவெல்சன் வரை கூறப்பட்டு வந்த கருத்து. இங்கிலாந்தில் தனியார் கலங்கரை விளக்கங்கள் கட்டணம் பெற்று நடந்ததை எடுத்துக்காட்டி, ரொனால்டு கோஸ் 1974இல் இக்கருத்தை மறுபரிசீலனைக்கு உள்ளாக்கினார். (பாக் நீரிணையில் இந்திய–இலங்கைக் கடல் எல்லை வகுக்கப்பட்டதும் அதே 1974இல்தான், இரண்டிற்கும் தொடர்பில்லை என்றாலும் நம் பொருளுக்கு இரண்டும் தேவைப்படுகின்றன.) ஜி.பி.எஸ். அலையும் கலங்கரை விளக்கின் ஒளியை ஒத்ததே. ஆனால் விளக்கை ஏற்றி வைத்திருப்பது வேறொரு நாட்டின் அரசு.

2000ஆம் ஆண்டு மே மாதம் வரை பொது மக்களுக்கான அலையில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழையைச் சேர்த்து வந்தது. அது நீக்கப்பட்ட பின்னர்த் துல்லியம் சில மீட்டர் அளவுக்கு உயர்ந்தது. கருவியின் விலையும் வீழ்ந்தது. இலவசமாகக் கிடைக்கும் பொருளோடு காசு கொடுத்து நடத்த வேண்டிய பொருள் போட்டியிட முடியாது. நிலத்திலிருந்து நீண்ட அலைகளை வலிமையோடு பரப்பும் லொரான்-சி நிலையங்களை அமெரிக்கா 2010இல் மூடியது. நம் நாட்டிலும் மேற்கே வேராவல், தாரங்கத்ரா, பிலிமோரா, கிழக்கே டயமண்ட் ஹார்பர், பாலசோர், பட்பூர் ஆகிய இடங்களை உள்ளடக்கி இரு லொரான் தொடர்கள் நிறுவப்பட்டிருந்தன. கணக்கேட்டில் இத்தகைய மூடல்கள் சிக்கனமாகத் தோன்றும். காப்பீட்டுத் தவணையை நிறுத்துவதும் அப்படித்தான் தோன்றும்.

இரு வேறு தேவைகள்

மீனவருக்கு இடமறிதல் எதற்காக? இக்கேள்வியைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் மாற்று ஏற்பாடு பற்றிப் பேசுவதில் பயனில்லை. முதலாவது, கரைக்குத் திரும்புதல். இதற்கு ஓரிரு கடல் மைல் பிழை இருந்தாலும் பெருந்தீங்கு இல்லை. கரை கண்ணுக்குத் தெரிந்ததும் பிழை திருத்திக்கொள்ளப்படும். இரண்டாவது, வரையறுத்த ஒரு கோட்டைத் தாண்டாதிருத்தல். கடலில் அக்கோட்டுக்கு அடையாளம் ஏதும் இல்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். இங்கு ஓரிரு கடல் மைல் பிழை ஒருவரைச் சிறைக்கு அனுப்பப் போதுமானது. குஜராத் கடலில் தொழில் செய்யும் மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்ட மீனவர்க்கும் இதே அபாயம் உண்டு. அங்கோ பாகிஸ்தானுடன் ஒப்புக்கொள்ளப்பட்ட கடல் எல்லையே இல்லை.

எல்லை மீறல்கள் யாவற்றுக்கும் வழி தவறுதலே காரணம் என்று சொல்வது முழு உண்மையாகாது. மீன் இருக்கும் பக்கம் படகு செல்கிறது என்பதை இத்துறையில் பணியாற்றியவர் அனைவரும் அறிவர். ஆனால் எல்லைக்குள்ளேயே நிற்க விரும்பும் மீனவருக்குக் கருவி பொய் சொன்னால் அவர் செய்வதற்கு ஒன்றுமில்லை.

பழைய வழியறி முறைகளை இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம். குமரி மாவட்டக் கடற்கரையில் மீனவர் கணியம் பார்ப்பர். கரைக்கு அருகிலுள்ள தேவாலயக் கோபுரம் ஒன்றையும் அதற்குப் பின்னால் தெரியும் மலைமுகடு ஒன்றையும் ஒரே நேர்க்கோட்டில் கொண்டுவருவர். வேறு திசையில் மற்றோர் இணையை அவ்வாறே பொருத்துவர். இரு கோடுகளும் வெட்டும் இடத்தில் மீன் அடையும் பார் இருக்கும். கரை தெரியும் வரை இம்முறை வியக்கத்தக்க துல்லியமுடையது. கரை மறைந்தால் பயனில்லை. சோழமண்டலக் கடலோடிகளின் இராப்பலகை முடிச்சிட்ட கயிறு கோத்த சிறு மரப்பலகை. கயிற்றின் முடிச்சைப் பல்லால் கடித்துக்கொண்டு, பலகையின் அடிவிளிம்பைத் தொடுவானத்தோடும் மேல்விளிம்பை வடமீனோடும் பொருத்தினால், எந்தத் துறைமுகத்தின் அகலாங்கில் இருக்கிறோம் என்பது தெரியும். ஆனால் அது வடக்கு–தெற்கு நிலையை மட்டுமே சொல்லும். இராமேசுவரத்துப் படகு எல்லையை நெருங்குவதோ கிழக்கு நோக்கி.

எஞ்சுவது திசைகாட்டி, வேகம், நேரம் ஆகியவற்றைக் கொண்டு போடும் கணக்கு. மணிக்கு 6 கடல் மைல் வேகத்தில் 4 மணி நேரம் சென்றால் 24 கடல் மைல். நீவாடு மணிக்கு ஒரு கடல் மைல் வேகத்தில் பக்கவாட்டில் இழுத்திருந்தால், அதைக் கணக்கில் சேர்க்காதவர் 4 கடல் மைல், அதாவது 7 கிலோமீட்டருக்கு மேல் விலகியிருப்பார். நீரோட்டத்தை உணர்ந்தறியும் மூத்த மீனவர் இப்பிழையைப் பெரிதும் குறைப்பார். கரை சேர்வதற்கு இது போதும். எல்லைக்கோட்டுக்குப் போதாது.

நாவிக்கும் நிலத்து அலையும்

சொந்தச் செயற்கைக்கோள் வேண்டும் என்ற கொள்கையின் பயனே நாவிக். 2013 ஜூலை 1 அன்று முதல் கோளும், 2016 ஏப்ரல் 28 அன்று ஏழாவது கோளும் ஏவப்பட்டன. இந்தியாவையும் அதைச் சுற்றி 1,500 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியையும் இம்முறை உள்ளடக்கும். சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2020இல் இதை அங்கீகரித்தது. ஆனால் முதல் தலைமுறைக் கோள்கள் சிலவற்றில் இறக்குமதியான அணுக்கடிகாரங்கள் பழுதாயின. 2017 ஆகஸ்டில் ஏவப்பட்ட மாற்றுக் கோள் வெப்பக் கவசம் பிரியாததால் வீணாயிற்று. உள்நாட்டு அணுக்கடிகாரத்துடன் 2023 மே மாதத்தில் சென்ற என்.வி.எஸ்.-01 வெற்றி பெற்றது. 2025 ஜனவரியில் சென்ற என்.வி.எஸ்.-02 உரிய பாதையை அடையவில்லை. 2025 ஜூலையில் அரசு அளித்த விவரப்படி, இடமறியும் பணியைச் செய்து வந்த கோள்கள் நான்கே. நான்குதான் குறைந்தபட்சத் தேவை என்பதை மேலே கண்டோம்.

நாவிக் வலுப்பெற வேண்டும் என்பதில் ஐயமில்லை. பிற நாட்டு அரசு விளக்கை அணைத்துவிடும் அபாயத்திற்கு அது மருந்து. அலையின் மென்மைக்கு அது மருந்தாகாது, ஏனெனில் அதன் அலையும் விண்ணிலிருந்தே வருகிறது. ககன் என்னும் திருத்த முறைக்கும் இது பொருந்தும்.

இக்குறையை எதிர்கொண்ட நாடு தென் கொரியா. 2016இல் வடக்கிலிருந்து எழுந்த இடையூறால் நூற்றுக்கணக்கான மீன்பிடிப் படகுகள் தொழிலை விட்டுக் கரை திரும்ப நேர்ந்தது. நம்முடையதைப் போலவே அங்கும் எல்லையை ஒட்டி மீன்பிடிக்கும் சிறு படகுகள்தாம் முதலில் பாதிக்கப்பட்டன. அந்நாடு லொரானின் செம்மைப்படுத்திய வடிவமான இ-லொரானில் முதலீடு செய்தது. நிலத்திலிருந்து 100 கிலோஹெர்ட்ஸில் வரும் இந்த வலிய அலையை அமுக்க மிகப் பெரிய நிலையம் வேண்டும். உரிய திருத்தங்களுடன் இது 10 முதல் 20 மீட்டர் துல்லியம் தரவல்லது. பாக் நீரிணைக்கும் மேற்குக் கடற்கரைக்கும் நிலத்து அலை ஏற்பாடு ஒன்றின் செலவையும் பயனையும் ஆராய்வது உகந்தது. படகுதோறும் கட்டணம் வசூலித்து இதனை நடத்த இயலாது. கோஸ் காட்டிய துறைமுகக் கட்டண வழி கப்பல்களுக்குப் பொருந்தும், கடற்கரைச் சிற்றூர்களிலிருந்து புறப்படும் படகுகளுக்குப் பொருந்தாது. பொது நிதியே வழி.

அழியும் மூலதனம்

கரை திரும்பும் தேவைக்கோ இத்தகைய பெருஞ்செலவு வேண்டியதில்லை. திறமை வேண்டும். திறமையும் ஒருவகை மூலதனமே. இயந்திரம் சும்மா இருந்தால் துருப்பிடிக்கும். இத்திறமை சும்மா இருந்தால் ஒரே தலைமுறையில் மறையும். தந்தை கணியம் பார்ப்பதைக் காணாத மகன் அதைத் தன் மகனுக்குக் கற்பிக்க முடியாது. அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி தான் கைவிட்ட விண்மீன் வழியறிதலை 2015இல் மீண்டும் பாடமாக்கியது. புனேயை அடுத்த கடக்வாஸ்லா ஏரியில் தேசியப் பாதுகாப்பு அகாடமியின் மாணவர் பாய்மரப் படகு செலுத்தக் கற்கின்றனர். படை வீரரின் பயிற்சிக்குத் தேவை எனக் கருதப்படும் செலவு மீனவர் பயிற்சியில் மட்டும் மிகையாகிவிடுமா?

2017 ஒக்கிப் புயலின்போது ஆழ்கடலிலிருந்த குமரி மீனவரை எச்சரிக்கை சென்றடையவில்லை. அதன்பின் 2019இல் ஜெமினி என்னும் ஒருவழிச் செய்திக் கருவி வந்தது. 2024 ஆகஸ்ட் 30 அன்று பால்கரில், 13 கடலோர மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளின் படகுகளில் ஒரு லட்சம் டிரான்ஸ்பாண்டர்களைப் பொருத்தும் ஏறத்தாழ ரூ. 360 கோடித் திட்டம் தொடங்கப்பட்டது. இதன்வழி மீனவரும் கரைக்குச் செய்தி அனுப்பலாம். இது பெரும் முன்னேற்றம். ஆயினும் படகு இருக்கும் இடத்தை இக்கருவியும் செயற்கைக்கோள் அலையிலிருந்தே அறிகிறது என்பதை மறத்தலாகாது.

இத்திட்டத்தில் மாவட்ட அலுவலர் கவனிக்கத்தக்க வாய்ப்பு ஒன்று உண்டு. கருவியைப் பொருத்தவும் பழுது பார்க்கவும் பணியாளர் படகுதோறும் செல்கின்றனர். அப்போதே திசைகாட்டி உள்ளதா, எஞ்சின் இரும்பால் அதன் ஊசி விலகுகிறதா என்று சோதிக்கலாம். கருவியை அணைத்துவிட்டுத் திசைகாட்டியையும் கடிகாரத்தையும் மட்டும் கொண்டு ஒருமுறை துறைக்குத் திரும்பிக் காட்டச் சொல்லலாம். பயிற்றுநரை வெளியிலிருந்து தேட வேண்டியதில்லை. அறுபது வயதைக் கடந்த மீனவர் ஒவ்வொரு துறையிலும் இருக்கின்றனர். அவர்களுக்கு மதிப்பூதியம் வழங்க இன்றுள்ள பயிற்சி நிதியில் இடமிருக்கிறதா என்பதை மாநில மீன்வளத் துறைகள் பார்க்க வேண்டும்.