காதடியில் வீக்கமா? கைவைக்கும் முன் பார்க்க வேண்டியவை

காதுக்குக் கீழே கன்னம் வீங்கினால் நம் ஊரில் உடனே சொல்லிவிடுவார்கள், 'பொன்னுக்கு வீங்கி' என்று. வேப்பிலையை அரைத்துப் பூசி, கழுத்தில் ஒரு தங்கச் சங்கிலியையும் போட்டுவிடுவார்கள். வைரஸால் வந்த வீக்கம் ஒரு வாரம், பத்து நாளில் தானே வடிந்துவிடும். பெயர் சங்கிலிக்குப் போகும். அதே இடத்தில் கல் அடைத்தோ சீழ் பிடித்தோ வீங்கியிருந்தால் சங்கிலி என்ன செய்யும்? ஆகவே முதல் வேலை, இது எந்த வீக்கம் என்று பிரித்துப் பார்ப்பது.

1. இடத்தைப் பாருங்கள்

உமிழ்நீர்ச் சுரப்பிகளில் மிகப் பெரியது காதுக்கு முன்னும் கீழுமாகத் தாடையை ஒட்டி இருக்கிறது. அது வீங்கினால் காதுமடல் சற்றே தூக்கி நிற்கும். தாடையின் முனை வீக்கத்தில் மறைந்துவிடும். தாடைக்கு அடியில் மட்டும் உருண்டையாகத் தட்டுப்பட்டால் அது நெறிகட்டியதாகவோ வேறொரு சுரப்பியாகவோ இருக்கலாம்.

அடுத்து, வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள். மேல்வரிசையின் இரண்டாவது பெரிய கடைவாய்ப்பல்லுக்கு எதிரே, கன்னத்தின் உட்புறத்தில் சின்னதாக ஒரு புடைப்பு தெரியும். உமிழ்நீர்க் குழாய் திறக்கும் வாய் அதுதான். காதுப்பக்கமிருந்து வாயை நோக்கிக் கன்னத்தை மெல்ல நீவிவிடுங்கள். தெளிந்த நீர் வந்தால் நல்லது. சீழோ கலங்கலோ வந்தால் பாக்டீரியா தொற்று. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். எதுவுமே வராவிட்டால் அடைப்பு இருக்கலாம்.

2. எப்போது, யாருக்கு, எப்படி வந்தது என்று கேளுங்கள்

காய்ச்சலோடு ஒரு கன்னம் வீங்கி, ஓரிரு நாளில் மறு கன்னமும் வீங்கினால், அதுவும் பிள்ளைகளுக்கென்றால், பொன்னுக்கு வீங்கி என்றே எடுத்துக்கொள்ளலாம். பள்ளியில் யாருக்காவது இருந்ததா என்று இரண்டு மூன்று வாரம் பின்னோக்கி விசாரியுங்கள். கிருமி தொற்றி வீக்கம் தெரிய அவ்வளவு நாளாகும்.

சாப்பிட உட்கார்ந்ததும் வீங்கி வலித்து, ஓரிரு மணி நேரத்தில் வடிந்தால் குழாயில் கல் என்று சந்தேகிக்கலாம்.

பாக்டீரியா தொற்று பெரும்பாலும் தண்ணீர் சத்து வற்றிய முதியவர்களையும் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவர்களையும் பிடிக்கிறது. உமிழ்நீர் ஓடாத குழாய்க்குள் வாயிலுள்ள கிருமி ஏறிவிடும். 1881-இல் சுடப்பட்ட அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டுக்கு, வாரக்கணக்கில் படுக்கையில் கிடந்தபோது இதே சுரப்பியில் சீழ் கட்டியது. அன்று ஆன்டிபயாடிக் கிடையாது.

வலியில்லாமல் இரண்டு பக்கமும் மாதக்கணக்கில் பருத்திருந்தால் சர்க்கரை நோய், மதுப்பழக்கம் போன்றவற்றைத் தேட வேண்டும். கண்ணும் வாயும் கூடவே உலர்ந்தால் ஷோக்ரன் நோயையும் சோதிப்பார்கள்.

3. புளிப்பில் கவனம்

எல்லா வகைக்கும் பொதுவானவை: நிறையத் தண்ணீர், உப்புநீரில் வாய் கொப்பளிப்பது, எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம்.

எலுமிச்சையில்தான் குழப்பம். கல்லுக்கும் பாக்டீரியா தொற்றுக்கும் எலுமிச்சைத் துண்டோ புளிப்பு மிட்டாயோ சப்புவது நல்லது. உமிழ்நீர் பெருகிக் குழாயைக் கழுவும். வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, காதிலிருந்து முன்னோக்கி நீவிவிடுங்கள். பொன்னுக்கு வீங்கிக்கு அதே எலுமிச்சை கொடுத்தால் பிள்ளை வலியில் அலறும். கஞ்சி, குழைந்த சாதம், இளநீர் போதும்.

பாக்டீரியாவுக்கு ஆன்டிபயாடிக் உண்டு. மருத்துவர் சொன்ன நாள்வரை சாப்பிட வேண்டும். வைரஸுக்கு அது பயன்படாது, மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்கள். வீக்கத்தை ஊசியால் குத்தவும் கூடாது. முகத்தை அசைக்கும் நரம்பு இந்தச் சுரப்பியின் ஊடேதான் போகிறது. கல்லை ஸ்கேனில் உறுதிசெய்து, குழாய்க்குள் செல்லும் மெல்லிய கருவியால் எடுக்க முடிகிறது.

4. மற்றவர்களைக் காப்பது

பொன்னுக்கு வீங்கியென்றால் வீக்கம் தொடங்கியதிலிருந்து 5 நாள் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம்; தம்ளரும் துண்டும் தனியாக இருக்கட்டும். அரசின் இலவச அட்டவணையில் உள்ளது தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி. பொன்னுக்கு வீங்கிக்கு அது காவலாகாது. பொன்னுக்கு வீங்கியையும் சேர்த்துத் தடுக்கும் எம்.எம்.ஆர். தடுப்பூசி பற்றிக் குழந்தை மருத்துவரிடம் தனியே கேட்க வேண்டும்.

5. எப்போது ஓட வேண்டும்

தாங்காத தலைவலி, கழுத்து விறைப்பு, தொடர் வாந்தி, விதையில் வீக்கம், காது கேளாமை ஆகியவற்றில் எது வந்தாலும் தாமதிக்காதீர்கள். வாய் திறக்க முடியாவிட்டாலும், மூச்சோ விழுங்குவதோ சிரமமானாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். வலியே இல்லாத ஒரு கட்டி இரண்டு மூன்று வாரமாகியும் கரையாமல் நின்றாலோ, வாய் ஒரு பக்கம் கோணினாலோ காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டி, அது புற்றுக்கட்டியா இல்லையா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.